பிற

உதட்டைக் கைக்குட்டையால் பொத்தியபடி
நெவில் அரெண்ட்ஸ உள்ளே வந்தான்.
கடிபட்டு இரண்டு நாளாம்.
சனி ஞாயிறு கூட்டத்தை விட மனசில்லையாம்.

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
நாய், பூனை, பிற.
பிற என்பதில் குறியிட்டு
பக்கத்தில் கடல்நாய் என்று எழுதினேன்.
அடித்துத் திருத்தியதுபோல் இருந்தது.

இந்தத் துறைமுக மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடம் எனக்கு.
கடைசியாகப் பார்த்த வெறிக்கடி
மேட்டுக் குடிசைப் பையன் ஒருவனுக்கு.
டம்ளரை நீட்டியபோது
அவன் தொண்டை செய்ததைச் சொல்லமாட்டேன்.
அதன்பின் வருடம்தோறும் பள்ளி மைதானத்தில்
கயிற்றிலும் கம்பியிலும் சித்தப்பாவின் பெல்ட்டிலும் கட்டி
பிள்ளைகள் இழுத்துவந்த நாய்கள் எல்லாவற்றுக்கும்
ஊசி போட்டோம்.
போன நோய் போனதுதான் என்றிருந்தோம்.
ஊருக்கு மூன்று பக்கம் காவல் வைத்தோம்,
நாலாவது பக்கம் கடல்.

வடக்கே பாலைவனக் கரையில்
குட்டியைத் தூக்க வந்த நரி ஏதோ
தாயிடம் விட்டுப்போயிருக்கும் என்கிறார்கள்.
யார் கண்டது.

நெவில் பிழைப்பு ஊருக்கே தெரியும்.
மத்தி ஒன்றைப் பல்லில் கடித்துத்
துறைச் சுவரில் குனிவான்.
தண்ணீர் பிளந்து அவள் எழும்புவாள்,
முத்தம்போல் வாங்கிப் போவாள்.
பயணிகள் அலறுவார்கள். தொப்பியில் காசு விழும்.
பதினோரு வருடம்.
பல் பட்டதில்லை ஒருநாளும்.
முதலாளியம்மா என்றுதான் கூப்பிடுவான்,
படியளப்பவள் அவள்தானே.

கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம்
சோப்பு போட்டுக் கழுவினேன்.
பிறகு உதட்டுக்குள்ளேயே ஊசி.
மேசை விளிம்பைப் பிடித்தவன்
வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
"தண்ணிக்கு முதுகு காட்டிப் படுத்திருந்தா, சிஸ்டர்.
படகு இறக்குற சரிவுல.
டயரைக் கடிச்சா.
நான் பசின்னு நினைச்சுட்டேன்."

தண்ணீர் பயம் மனிதனுக்குத்தான்,
மிருகங்களுக்கு அப்படி வருவதில்லை என்றேன்.
அவன் நம்பவில்லை.

அன்று மாலையே அவளைச் சுட்டார்கள்.
தலை ஐஸ் பெட்டியில் ஆய்வுக்கூடம் போனது.
ஆம் என்று பதில் வந்த நாளில்
அலைச்சறுக்குப் பையன்கள்
கரையில் பலகைகளை நட்டுவைத்து
கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் வந்தான். ஏழாம் நாள் வந்தான்.
ஒவ்வொரு முறையும் கேட்காமலே
ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடிப்பான்,
என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.
நான் அவன் தொண்டையைப் பார்த்துக்கொண்டே.

பதினான்காம் நாள் வரவில்லை.

ஊசியைக் குளிர்ப்பெட்டியில் எடுத்துக்கொண்டு
துறைக்கு நடந்தேன்.
மீன் கழுவும் பெண்கள் கைகாட்டினார்கள்.
பழைய இடத்தில்தான் நின்றான்,
மத்தி இப்போது பல்லில் இல்லை,
நீண்ட துரட்டி நுனியில்.
கீழே புதிதாக ஒன்று, சின்னது, கருத்தது.
பயணிகள் நாலு பேர்.
யாரும் அலறவில்லை.
தொப்பியில் இரண்டு நாணயம்,
ஒன்று அவன் போட்டதாயிருக்கும்.

திட்ட வாயெடுத்தேன்.
"வாடகை, சிஸ்டர்" என்றான்.
சட்டைக் கையைச் சுருட்டினான்.
அங்கேயே போட்டேன், காற்றில் பஞ்சு பறக்க.
என் பையிலிருந்த பாட்டிலைத்
தானே எடுத்து மடக் மடக்கென்று குடித்தான்.
எனக்குக் கால் இலேசானது.

அப்போது அந்தச் சின்னது
தலையை மட்டும் நீட்டி
எங்களையே பார்த்தது.
மீசையில் நீர் சொட்டியது.
கண்ணில் ஒன்றும் தெரியவில்லை, எதுவும்.
துரட்டியை இறக்கவுமில்லை அவன், தூக்கவுமில்லை.

அது முங்கும்வரை
இருவரும் எண்ணிக்கொண்டிருந்தோம்,
சத்தமில்லாமல்,
அவன் ஒரு கணக்கு, நான் ஒரு கணக்கு.